அரசரையும் அடிமையையும் ஒருநிகராய் வரைந்த வெலாஸ்கெஸ்

முன்னுரை

அந்தலூசியா என்னும் பெயரைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழுவன கொர்தோவாப் பள்ளிவாசலின் தூண்வரிசைகளும், கிரானடாவின் அல்ஹம்ரா மாளிகையும், இப்னு ருஷ்து போன்ற பேரறிஞர்தம் நூல்களுமே ஆகும். 1492ஆம் ஆண்டு கிரானடா வீழ்ந்ததோடு நம்மில் பலர் அந்நாட்டின் வரலாற்றேட்டை மூடிவிடுகிறோம். அதன் பின்னரும் அம்மண்ணில் மக்கள் வாழ்ந்தனர், கலைகள் வளர்ந்தன, கொடுமைகளும் நிகழ்ந்தன. அக்கலையும் அக்கொடுமையும் ஒரே மனிதரின் வாழ்வில் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்பெயின் நாட்டு ஓவிய மரபு நெடியது, வளமிக்கது. கிரேக்கத் தீவாகிய கிரீட்டில் பிறந்து, தொலேதோ நகரில் வாழ்ந்து, 1614இல் மறைந்த எல் கிரேக்கோ, தீச்சுடர் போல மேல்நோக்கி நீளும் உருவங்களை வரைந்தார். ரிபேரா முதியோரின் சுருங்கிய தோலையும் துன்பத்தையும் இருளும் ஒளியும் மோதத் தீட்டினார். சுர்பரான் துறவியரின் வெள்ளாடையில் அமைதியைக் காட்டினார். முரில்லோ தெருச்சிறுவரின் முகங்களில் இனிமையைக் கண்டார். பின்வந்த கோயா போரின் கொடுமையை அஞ்சாது பதிவு செய்தார். இருபதாம் நூற்றாண்டில் பிக்காசோ உருவத்தையே உடைத்து மீண்டும் கட்டினார். இப்பெருமக்கள் வரிசையில் நடுநாயகமாய் விளங்குபவர் டியேகோ வெலாஸ்கெஸ் ஆவார். முன்னோரின் ஒளியையும் இருளையும் உள்வாங்கியவர் அவர். பின்னோராகிய கோயாவும் பிக்காசோவும் ஆசானாய்க் கொண்டதும் அவரையே.

செவில் நகரும் இளமையும்

வெலாஸ்கெஸ் தென் ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்தார். 1599ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் அந்நகரத் தேவாலயம் ஒன்றில் அவருக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. தந்தையார் ஹுவான் ரோத்ரிகெஸ் தெ சில்வா, போர்ச்சுகல் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர். தாயார் ஹெரோனிமா வெலாஸ்கெஸ், செவில் நகரத்தவர். அப்பகுதி வழக்கப்படி தாயின் குடிப்பெயரையே மகன் தம் பெயராகக் கொண்டார். அப்பெயரே உலகப்புகழ் பெற்றது.

அவர் பிறந்த நகரம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேல் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்து, 1248இல் கஸ்தீலிய மன்னர் வசமானது. நகரின் ஓரமாய் ஓடும் ஆற்றின் பெயர் இன்றும் குவாதல்கிவிர். பேராறு என்று பொருள்படும் வாதில் கபீர் என்னும் அரபுச்சொல்லின் திரிபே அது. நகரின் நடுவே ஓங்கி நிற்கும் ஹிரால்தா கோபுரம், அல்முவஹ்ஹிதூன் ஆட்சியில் 1198இல் கட்டி முடிக்கப்பட்ட பள்ளிவாசல் மினாராவே ஆகும். அதன் உச்சியில் பின்னாளில் மணிக்கூண்டு ஏற்றப்பட்டது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வெள்ளி சுமந்து வந்த கப்பல்கள் யாவும் இந்நகரை நோக்கியே வந்தன. செல்வர், வணிகர், மாலுமிகள், இரவலர் ஆகியோரோடு அடிமைகளும் மிகுதியாய் வாழ்ந்த நகரம் அது.

வெலாஸ்கெசுக்குப் பத்து வயது நடந்துகொண்டிருந்தபோது அந்நகரில் பெருந்துயரம் ஒன்று நிகழ்ந்தது. கட்டாயத்தால் கிறித்தவராக மாற்றப்பட்ட முஸ்லிம்களின் வழித்தோன்றல்கள் மோரிஸ்கோக்கள் எனப்பட்டனர். அவர்களை நாட்டைவிட்டு வெளியேற்றும் ஆணையை மன்னர் மூன்றாம் பிலிப் 1609இல் பிறப்பித்தார். 1610ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் செவிலிலும் அவ்வாணை பறைசாற்றப்பட்டது. தலைமுறை தலைமுறையாய் உழுத நிலத்தையும் வாழ்ந்த வீட்டையும் விட்டு அம்மக்கள் கப்பலேறினர். முஸ்லிம் நாடுகளுக்குச் செல்வோர் தம் சிறு குழந்தைகளை உடன்கொண்டு செல்லத் தடை விதிக்கப்பட்டது. 1614 வரை தொடர்ந்த இந்நடவடிக்கையில் ஏறத்தாழ 3,00,000 பேர் வெளியேற்றப்பட்டனர் என வரலாற்றாசிரியர் கணிப்பர்.

அவ்வாண்டின் இறுதியிலேயே சிறுவர் வெலாஸ்கெஸ் பிரான்சிஸ்கோ பச்சேகோ என்னும் ஓவியரிடம் மாணவராய்ச் சேர்ந்தார். பச்சேகோ பெரும் ஓவியர் அல்லர், ஆனால் நல்லாசிரியர். கவிஞரும் அறிஞரும் கூடும் அவையாக அவர் இல்லம் விளங்கியது. ஓவியக்கலை பற்றி அவர் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1649இல் வெளிவந்தது. மாணவரின் ஆற்றல் தம்மை விஞ்சுவதைக் கண்டு அவர் அழுக்காறு கொள்ளவில்லை, பெருமிதமே கொண்டார். 1617இல் வெலாஸ்கெஸ் ஓவியத்தொழில் புரியும் உரிமை பெற்றார். மறு ஆண்டு பச்சேகோவின் மகள் ஹுவானாவை மணந்தார். மாணவரை மருகராக்கிக் கொண்ட ஆசிரியர் பச்சேகோ.

எளியோரைக் கண்ட கண்

இளம் ஓவியர் முதலில் தேர்ந்தெடுத்த பொருள்கள் வியப்பளிப்பன. தேவர்களையும் மன்னர்களையும் வரைவதே உயர்ந்த கலை எனக் கருதப்பட்ட காலத்தில், அவர் அடுக்களையையும் தெருவையும் வரைந்தார். இவ்வகை ஓவியங்களை ஸ்பானியர் போதெகோன் என்பர். எளிய உணவுவிடுதியைக் குறிக்கும் சொல் அது.

1618இல் வரைந்த முட்டை பொரிக்கும் மூதாட்டி என்னும் ஓவியத்தைக் காண்போம். மண்சட்டியில் முட்டையின் வெண்கரு மெல்ல உறைகின்றது. மூதாட்டியின் கையில் மரக்கரண்டி. எதிரே பூசணி வகைக் காயொன்றையும் கண்ணாடிக் குடுவையையும் ஏந்திய சிறுவன். பித்தளை, மண், கண்ணாடி, வெங்காயத் தோல் ஆகிய ஒவ்வொன்றின் மீதும் ஒளி வெவ்வேறாய் விழுவதை அவ்வோவியம் காட்டுகிறது. அதனை வரைந்தபோது அவருக்கு அகவை பத்தொன்பதே. இன்று அது ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ளது.

ஏறத்தாழ 1620இல் வரைந்த தண்ணீர் விற்பவர் ஓவியமும் இத்தகையதே. கிழிந்த மேலாடை அணிந்த முதியவர் ஒருவர் சிறுவனுக்குக் கண்ணாடிக் குவளையில் நீர் தருகிறார். பெரிய மண்சாடியின் புறத்தே நீர்த்துளி வழிவதைக் கூட நாம் காணலாம். தெருவில் நீர் விற்கும் அம்முதியவரின் நிற்கும் நிலையில் குருமார்க்குரிய வீறு தோன்றுகிறது. 1813இல் நடந்த விட்டோரியாப் போருக்குப் பின் இவ்வோவியம் வெலிங்டன் பிரபுவின் உடைமையாயிற்று. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் படைநடத்திய ஆர்தர் வெல்லெஸ்லியே அவர். இலண்டனில் அவர் வாழ்ந்த மாளிகையில் இன்றும் அவ்வோவியத்தைக் காணலாம்.

அடுக்களைப் பணிப்பெண் ஒருத்தியையும் அக்காலத்திலேயே அவர் வரைந்தார். கருநிறத்தவளாகிய அப்பெண் மேசையருகே சற்றே குனிந்து ஏதோ எண்ணத்தில் ஆழ்ந்திருக்கிறாள். செவில் நகர் வீடுகளில் அடிமையாய் உழைத்த பெண்களை நாம் அவள் உருவில் காண்கிறோம். அவளை நகைப்புக்குரியவளாகவோ அழகுப்பொருளாகவோ அவர் தீட்டவில்லை; சிந்திக்கும் மனிதப்பிறவியாகவே தீட்டினார். இந்நோக்கே அவருடைய கலையின் வேர் எனலாம்.

அரசவை ஓவியர்

திறமை மிக்க இளைஞருக்குச் செவில் போதவில்லை. 1622இல் அவர் தலைநகர் மாட்ரிட் சென்று புகழ்பெற்ற கவிஞர் கோங்கோராவை வரைந்தார். மறு ஆண்டு, முதலமைச்சர் ஒலிவாரெஸ் அழைப்பின் பேரில் மீண்டும் சென்று மன்னர் நான்காம் பிலிப்பை வரைந்தார். மன்னருக்கு அப்போது அகவை பதினெட்டு. ஓவியருக்கு இருபத்து நான்கு. ஓவியம் மன்னர் உள்ளத்தைக் கவர்ந்தது. 1623 அக்டோபரில் வெலாஸ்கெஸ் அரசவை ஓவியராய் அமர்த்தப்பட்டார். ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அவ்வுறவு நீடித்தது.

நான்காம் பிலிப் அன்றைய உலகின் பெரும்பகுதியை ஆண்டவர். 1640 வரை போர்ச்சுகலும் அவர் முடியின் கீழ் இருந்தமையால், நாகப்பட்டினத்திலும் கொழும்பிலும் இருந்த போர்ச்சுகீசியக் குடியேற்றங்களும் அதுவரை அவருக்கே உரியனவாயிருந்தன. அத்தகைய மன்னரையும் வெலாஸ்கெஸ் மிகைப்படுத்தி வரையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நீண்ட தாடை, தடித்த உதடு, களைத்த கண்கள் ஆகியவற்றை உள்ளவாறே தீட்டினார். ஆண்டுகள் செல்லச் செல்ல மன்னர் முகத்தில் படியும் தளர்ச்சியை அவர்தம் ஓவியங்களின் வரிசையில் நாம் படிப்படியாய்க் காணலாம்.

எரிந்துபோன ஓவியம்

மாட்ரிட் அரசவையில் மூத்த ஓவியர்கள் பலர் இருந்தனர். இவ்விளைஞருக்கு முகம் மட்டுமே வரையத் தெரியும் என்று அவர்கள் குறை கூறினர். ஆகவே 1627இல் மன்னர் ஒரு போட்டி அறிவித்தார். கர்தூச்சோ, கஹேஸ், நார்தி ஆகிய மூவரோடு வெலாஸ்கெசும் போட்டியிட வேண்டும். அதற்கு மன்னர் தந்த பொருள், தம் தந்தையார் நிகழ்த்திய மோரிஸ்கோ வெளியேற்றம்!

வெலாஸ்கெஸ் வென்றார். அவ்வெற்றியின் பயனாய் அரசரின் தனியறை வாயில் அலுவலர் என்னும் பதவி அவருக்குக் கிடைத்தது. அரண்மனைப் பதவிப் படிகளில் அவர் உயர அது வழிவகுத்தது. அவ்வோவியத்தை நேரில் கண்ட பலோமினோ என்னும் ஓவிய வரலாற்றாசிரியர் அதனைத் தம் நூலில் விளக்கியுள்ளார். நடுவே கோலேந்திய மன்னர் மூன்றாம் பிலிப், அழுதரற்றும் ஆடவர், பெண்டிர், குழந்தைகளைக் கடற்கரை நோக்கிச் சுட்டுகிறார். படைவீரர் அவர்களை ஓட்டிச் செல்கின்றனர். மறுபுறம் ஸ்பெயின் நாடு, போர்க்கோலம் பூண்ட மங்கையாய் வீற்றிருக்கிறது.

எளியோரின் மாண்பை உணர்ந்து தீட்டிய அதே கை, எளியோர் விரட்டப்பட்டதை மன்னர் புகழாகத் தீட்டியது. வயிற்றுப்பாட்டுக்காகவும் உயர்வுக்காகவும் கலைஞர் அரசுக்குப் பணிவது எந்நாட்டிலும் உண்டு. எனினும் இந்நிகழ்ச்சியை அவர் வரலாற்றிலிருந்து மறைப்பதும், அதனை மட்டுமே காட்டி அவர் கலை முழுவதையும் ஒதுக்குவதும் நேர்மையாகா.

1734ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் இரவு மாட்ரிட் அரண்மனை தீப்பற்றி எரிந்தது. அல்கசார் என்னும் அவ்வரண்மனையின் பெயரும் கோட்டை எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. அத்தீயில் 500க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அழிந்தன. மோரிஸ்கோ வெளியேற்ற ஓவியமும் அவற்றுள் ஒன்று. நெருப்புக்கு நீதி தெரியாது; நல்லனவும் அல்லனவும் ஒருங்கே எரிந்தன. அவ்வோவியத்தில் அழுத முகங்களை அவர் இரக்கத்தோடு வரைந்தாரா, ஏளனத்தோடு வரைந்தாரா என்று கண்டறியும் வாய்ப்பும் அத்தீயோடு போயிற்று.

இத்தாலியப் பயணமும் யூசுப் வரலாறும்

1628இல் பிளாண்டர்ஸ் நாட்டுப் பேரோவியர் ரூபன்ஸ் மாட்ரிட் வந்தார். அவருடன் பழகிய வெலாஸ்கெசுக்கு இத்தாலி சென்று கற்கும் ஆவல் பெருகிற்று. 1629இல் மன்னர் இசைவுடன் புறப்பட்டு, வெனிஸ், ரோம் முதலிய நகரங்களில் பழம்பெரும் ஓவியங்களைப் பயின்று, 1631 தொடக்கத்தில் மீண்டார்.

அப்பயணத்தில் அவர் தேர்ந்தெடுத்த கருக்களுள் ஒன்று, யூசுப் நபியின் உடன்பிறந்தார் இரத்தம் தோய்ந்த சட்டையைத் தந்தை யாகூபு நபியிடம் காட்டும் நிகழ்ச்சி. நபிமார்களை உருவமாய் வரைவது நம் மரபில் இல்லை. கிறித்தவ ஐரோப்பாவின் வழக்கம் வேறு. ஆனால் திருக்குர்ஆன் அழகிய வரலாறாக எடுத்துரைக்கும் அந்நிகழ்ச்சியில் ஓவியர் எதனை நோக்கினார் என்பது நமக்குப் பயன்தரும். பொய்யை மெய்யெனக் காட்ட முனையும் உடன்பிறந்தாரின் நடிப்பையும், தம் பொய்யைத் தாமே தாங்கமாட்டாது திரும்பி நிற்பவனின் கூச்சத்தையும் உடல்மொழியாலேயே அவர் உணர்த்தியுள்ளார். இப்பயணத்திற்குப் பின் அவர் ஓவியங்களில் கரிய நிழல் குறைந்தது. காற்றும் வெளிச்சமும் உலவும் இடப்பரப்பு தோன்றிற்று.

தோற்றவர் மாண்பும் தாழ்ந்தவர் மாண்பும்

1635 அளவில் மன்னரின் புதிய மாளிகைக்காக அவர் வரைந்தது பிரேதா நகர் சரணடைதல் என்னும் பேரோவியம். 1625இல் டச்சுப் படைத்தலைவர் ஜஸ்டின், ஸ்பானியப் படைத்தலைவர் ஸ்பினோலாவிடம் நகரின் திறவுகோலை ஒப்படைத்த நிகழ்ச்சி அது. தோற்றவர் மண்டியிட, வென்றவர் குதிரைமீது வீற்றிருப்பதே அக்காலப் போரோவிய மரபு. வெலாஸ்கெசோ வென்றவரைக் குதிரையினின்று இறக்கினார். குனிய முற்படும் பகைவரின் தோளில் அவர் கைவைத்துத் தடுத்து நிறுத்துவதாய்த் தீட்டினார். வெற்றியின் உச்சியிலும் தோற்றவரை இழிவுபடுத்தாமை பேராண்மை என்பதை இதனினும் தெளிவாய்ச் சொன்ன ஓவியம் அரிது. மோரிஸ்கோக்களுக்கு மறுக்கப்பட்ட மாண்பு டச்சுப் பகைவருக்குக் கிட்டியதை எண்ணுங்கால் நெஞ்சு கனக்கவே செய்கிறது.

அக்கால அரண்மனைகளில் குள்ளர்களையும் மனவளர்ச்சி குன்றியோரையும் வேடிக்கைக்காக வைத்திருந்தனர். அவர்களையும் வெலாஸ்கெஸ் வரைந்தார். செபஸ்தியான் தெ மோர்ரா என்பவரின் ஓவியத்தில், தரையில் கால்நீட்டி அமர்ந்த அக்குள்ளர் மடித்த கைகளோடு நம்மை நேருக்கு நேர் நோக்குகிறார். அப்பார்வையின் முன் நகைக்க வந்தவர் நாணித் தலைகுனிவர். பிறர் கண்ணுக்கு விளையாட்டுப் பொருளாய்த் தோன்றியவரிடம் அவர் ஒரு மனிதரைக் கண்டார்.

ரோமில் ஓர் அடிமை

1649இல் மன்னருக்காகச் சிலைகளும் ஓவியங்களும் வாங்கும் பொருட்டு அவர் மீண்டும் இத்தாலி சென்றார். உடன் சென்றவர் ஹுவான் டி பரேஹா. மாலகாவுக்கு அருகிலுள்ள அந்தெகேராவில் பிறந்த இவர் ஆப்பிரிக்க, மூர் மரபுக் கலப்புடையவர் என ஆய்வாளர் கருதுவர். வண்ணம் அரைத்தல், துணிச்சட்டம் அமைத்தல் முதலிய பணிகளை வெலாஸ்கெசின் ஓவியக்கூடத்தில் புரிந்த இவர் அவருடைய அடிமை. ஆம், எளியோரின் மாண்பைத் தீட்டிய ஓவியர் அடிமையையும் உடைமையாய்க் கொண்டிருந்தார்.

போப்பாண்டவர் பத்தாம் இன்னசென்டை வரைவதற்கு முன், கைப்பயிற்சியாக வெலாஸ்கெஸ் பரேஹாவை வரைந்தார் எனப் பலோமினோ எழுதுகிறார். சாம்பல் நிற மேலாடை, வெண்சரிகைக் கழுத்துப்பட்டை, மார்பின் குறுக்கே மடித்த கை. முழங்கை அருகே ஆடை சற்றே கிழிந்திருக்கிறது. ஆனால் நிமிர்ந்த தலையும் அசையாத பார்வையும் எந்தப் பிரபுவுக்கும் குறைந்தன அல்ல. 1650 மார்ச் 19ஆம் நாள் ரோம் நகரின் பாந்தியன் மண்டபத்தில் இவ்வோவியம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. கண்டோர் ஏனையவற்றை ஓவியமாகவும் இதனை உண்மையாகவுமே மதித்தனர் என்பர். அதே ஆண்டு போப்பையும் அவர் வரைந்தார். திருச்சபையின் தலைவரையும் விலைக்கு வாங்கப்பட்ட மனிதரையும் ஒரே கண் ஒரே உண்மையோடு நோக்கியதை இவ்விரு ஓவியங்களையும் அடுத்தடுத்துக் காண்போர் உணர்வர்.

பரேஹா மறைவாக ஓவியம் பயின்றார் என்றும், அதனை அறிந்த மன்னர் விடுதலை வழங்கச் செய்தார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கியது. 1983இல் வெளியிடப்பட்ட ரோம் ஆவணம் உண்மையைக் காட்டுகிறது. 1650 நவம்பர் 23ஆம் நாள் ரோமிலேயே வெலாஸ்கெஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். எனினும் அது நடைமுறைக்கு வர மேலும் நான்கு ஆண்டுகள் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. தூரிகை ஒரே நாளில் அளித்த மாண்பை அதன் உரிமையாளர் அளிக்க நான்கு ஆண்டுகள் ஆயின.

அடிமையை உரிமை விடுதல் நம் மார்க்கம் பெரிதும் போற்றும் அறச்செயல். அவ்வகையில் வெலாஸ்கெசின் செயலைப் பாராட்டலாம், தயக்கத்தை மறக்கலாகாது. விடுதலை பெற்ற பரேஹா மாட்ரிடில் தனி ஓவியராய் வாழ்ந்தார். 1661இல் அவர் வரைந்த மத்தேயு அழைக்கப்படுதல் என்னும் பேரோவியம் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஓரத்தில் தம் உருவத்தையும் தாமே வரைந்து, கையில் தம் பெயர் எழுதிய தாளோடு நிற்கிறார். பிறர் வரைய நின்றவர், தம்மைத் தாமே வரையும் நிலைக்கு உயர்ந்தார்.

லாஸ் மெனினாஸ்

1651இல் நாடு திரும்பிய வெலாஸ்கெஸ், மறு ஆண்டு அரண்மனைப் பெருங்கண்காணிப்பாளர் ஆனார். அறைகளை ஒழுங்குபடுத்தல், அரசரின் பயண ஏற்பாடுகள் முதலிய பணிகள் அவர் காலத்தை விழுங்கின. அவர் ஓவியங்கள் எண்ணிக்கையில் குறைந்தமைக்கு இதுவும் காரணம். இன்று அவருடையவை என ஏற்கப்படுவன ஏறத்தாழ 120 மட்டுமே.

அப்பணிச்சுமைக்கு நடுவே 1656இல் தோன்றியது லாஸ் மெனினாஸ் என்னும் ஓவியம். பணிப்பெண்கள் என்பது அதன் பொருள். மூன்று மீட்டருக்கு மேல் உயரமுடைய அத்திரையில், ஐந்து வயது இளவரசி மார்கரீத்தா நடுவே நிற்கிறாள். இருபுறமும் தோழியர், வலப்புறம் இரு குள்ளரும் ஒரு நாயும். இடப்புறம் பெரிய திரையின் முன் தூரிகையோடு நிற்பவர் வெலாஸ்கெசே. மன்னரும் அரசியும் எங்கே? பின்சுவரில் மங்கலாய்த் தெரியும் சிறு கண்ணாடியில் அவர்கள் பிம்பம் மட்டுமே தோன்றுகிறது. ஆகவே மன்னர் நிற்கும் இடத்தில் இன்று ஓவியத்தைக் காணும் நாமே நிற்கிறோம்! பணிப்பெண்ணும் குள்ளரும் முழுவுருவில் ஒளியில் நிற்க, உலகாண்ட மன்னர் கண்ணாடி நிழலாய்ச் சிறுத்திருக்கிறார்.

இவ்வோவியத்தை அருகில் சென்று நோக்கினால் தாறுமாறான வண்ணத் தீற்றல்களே தெரியும். சில அடி பின்வாங்கினால் அவையே பட்டாகவும் தலைமுடியாகவும் ஒளியாகவும் உருக்கொள்ளும். இளமையில் மண்சாடியின் ஒவ்வொரு துளியையும் நுணுகித் தீட்டியவர், முதுமையில் காண்போர் கண்ணை நம்பி மீதத்தை விட்டுவைத்தார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் மானே முதலிய பிரெஞ்சு ஓவியர்கள் இந்நடையைக் கண்டு வியந்து வழிபட்டனர். 1957இல் பிக்காசோ இதனை மையமாய்க் கொண்டு 58 ஓவியங்களைப் படைத்தார்.

செஞ்சிலுவை

புகழின் உச்சியில் இருந்தும் வெலாஸ்கெசின் உள்ளத்தில் ஒரு குறை இருந்தது. கையால் உழைப்பவர் தாழ்ந்தோர் என்பது அக்கால ஸ்பானியச் சமூகத்தின் எண்ணம். உயர்குடியினர் என்னும் தகுதியை அவர் விழைந்தார். சந்தியாகோ வீரர் அமைப்பில் சேர 1658இல் மன்னர் அவரை முன்மொழிந்தார். முஸ்லிம்களுக்கு எதிரான போர்க்காலத்தில், 12ஆம் நூற்றாண்டில் தோன்றிய அமைப்பு அது. அதில் சேர விரும்புவோரின் குருதியில் முஸ்லிம் கலப்போ யூதக் கலப்போ இல்லை என்பதும், அவர் கைத்தொழிலால் பொருளீட்டியவர் அல்லர் என்பதும் சான்றுகளால் நிறுவப்பட வேண்டும்.

நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். ஓவியர் சுர்பரானும் அவர்களுள் ஒருவர். வெலாஸ்கெஸ் ஒருபோதும் ஓவியத்தை விற்றுப் பிழைத்தவர் அல்லர் என அவர் பொருட்டுச் சான்றளித்தனர். எந்தக் கலை அவரை உயர்த்தியதோ, அதுவே தம் தொழில் அன்று எனச் சொல்லி உயர்வு தேட வேண்டியிருந்தது! அப்போதும் அவர்தம் குடிப்பிறப்புச் சான்றுகள் போதா எனக் குழு கூறிற்று. முடிவில் போப்பின் விலக்காணை பெற்று, 1659 நவம்பரில் மன்னர் அவரை அவ்வமைப்பின் வீரராக்கினார். லாஸ் மெனினாஸ் ஓவியத்தில் அவர் மார்பில் காணும் செஞ்சிலுவைச் சின்னம் பிற்பாடு சேர்க்கப்பட்டதாகும்.

மறைவு

அச்சிறப்பை அவர் ஓராண்டு கூட முழுமையாய்த் துய்க்கவில்லை. 1660இல் மன்னர் மகள் மரியா தெரேசாவைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு மணமுடிக்கும் பொருட்டு, இருநாட்டு எல்லையிலுள்ள ஆற்றுத்தீவு ஒன்றில் விழா ஏற்பாடாயிற்று. அரசர் தரப்பு ஏற்பாடுகளைக் கவனித்தவர் வெலாஸ்கெசே. களைத்து மாட்ரிட் திரும்பியவர் நோயுற்று, ஆகஸ்ட் 6ஆம் நாள் காலமானார். எட்டு நாட்களில் மனைவி ஹுவானாவும் அவரைப் பின்தொடர்ந்தார். இருவரும் அடக்கம் செய்யப்பட்ட தேவாலயம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடிக்கப்பட்டது. உலகின் மாபெரும் ஓவியருள் ஒருவருக்கு இன்று அறியக்கூடிய கல்லறை இல்லை.

முடிவுரை

வெலாஸ்கெசின் வாழ்வு நமக்கு இரு பாடங்களைத் தருகிறது. மனிதரை மனிதராய்க் காணும் கண் அவருக்கு இயல்பாய் வாய்த்தது. தண்ணீர் விற்பவர், பணிப்பெண், குள்ளர், அடிமை, மன்னர், போப் ஆகிய அனைவரையும் ஒரே அளவுகோலால் அவர் நோக்கினார். இது முதற் பாடம். கண் கண்டதை வாழ்வு முழுவதும் பின்பற்றுவது கடினம் என்பது இரண்டாவது. பதவிக்காக மோரிஸ்கோக்களின் துயரத்தை மன்னர் புகழாக்கினார்; ஓவியத்தில் சமமாய்க் கண்ட மனிதரைப் பல்லாண்டு அடிமையாய் வைத்திருந்தார்; குருதித் தூய்மை பேசும் அமைப்பில் இடம் வேண்டி நின்றார்.

காலம் அவ்விரண்டையும் எடைபோட்டுவிட்டது. அரண்மனைப் படிகளில் அவரை ஏற்றிய ஓவியம் சாம்பலாயிற்று. கைப்பயிற்சிக்காக வரைந்ததாய்ச் சொல்லப்படும் பரேஹாவின் ஓவியமோ 1970இல் இலண்டன் ஏலத்தில் 23 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. பத்து இலட்சம் பவுனைக் கடந்து ஏலம்போன முதல் ஓவியம் அதுவே. ஒரு காலத்தில் விலை குறிக்கப்பட்ட அம்மனிதரின் முகத்தைக் காண, நியூயார்க் பெருநகர் அருங்காட்சியகத்திற்கு இன்று உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். 2023இல் அவ்வருங்காட்சியகம் பரேஹாவை ஓவியராகவே முன்னிறுத்தித் தனிக் கண்காட்சியும் நடத்திற்று.

கலையும் இலக்கியமும் பயிலும் நம் மாணவச் செல்வங்கள் இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்தல் நலம். நாம் படிக்கும் நூல்களும் காணும் ஓவியங்களும் நம் கண்ணைத் திறக்க வல்லன. திறந்த கண் கண்ட மாண்பை நம் வீட்டுப் பணியாளரிடத்தும் தெருவில் உழைப்போரிடத்தும் காட்டுவது நம் பொறுப்பு. அதற்கு நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டுவதில்லை.